ஸ்கேன் குறுந்தகட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

நேற்று இரவிலிருந்து கணவருக்குத் தாங்க முடியாத தலைவலி, இரண்டு முறை வாந்தி. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? (வாசகி, திருத்துறைப்பூண்டி)

எழுதிக் கேட்டுக் காத்திருக்கிற விஷயமா இது, அம்மா? கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அன்றே பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். இடி விழுந்தாற்போலத் தலைவலி வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். முதலில் எடுப்பது சி.டி. ஸ்கேன், புதிய ரத்தக்கசிவை அது சில நிமிடத்தில் காட்டிவிடும். எம்.ஆர்.ஐ. அப்புறம்.

19 வயது மகளுக்கு வலிப்பு. எம்.ஆர்.ஐ.யில் ஏ.வி.எம். என்று தெரிந்துவிட்டது. பிறகு ஏன் தொடை வழியாக ஆஞ்சியோ? (வாசகர், மன்னார்குடி)

ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல், வயலிலிருந்து வடிகால் என்பது நமக்குத் தெரிந்த கணக்கு. ஏ.வி.எம். என்பது மூளையில் தமனியும் சிரையும் நேராகப் பிணைந்த ரத்தக்குழாய் முடிச்சு. அதில் நடுவில் வயல் இல்லை. ஆற்று வேகத்திலேயே தண்ணீர் வடிகாலில் விழுகிறது. வடிகால் கரை அதைத் தாங்கக் கட்டியதில்லை. ஆண்டுக்கு நூற்றில் 2 முதல் 4 பேருக்குக் கரை உடைகிறது, அதாவது ரத்தம் கசிகிறது.

எம்.ஆர்.ஐ.யிலேயே ஊசி இல்லாமல் எடுக்கும் ரத்தக்குழாய்ப் படமான டி.ஓ.எஃப்.பில், புதிதாக உள்ளே வரும் ரத்தம் வெள்ளையாகத் தெரியும். முடிச்சு எங்கே, எவ்வளவு பெரிது என்பதற்கு அது போதும். எந்தத் தமனி ஊட்டுகிறது, எந்தச் சிரை எவ்வளவு சீக்கிரம் நிரம்புகிறது என்பதை நொடிக்கு நொடி காட்டுவது, தொடை வழியாக மெல்லிய குழாய் செலுத்தி எடுக்கும் கதீட்டர் ஆஞ்சியோதான். சிகிச்சை என்று முடிவானால் அது வேண்டும். கண்காணிக்க மட்டும் என்றால் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ.யே போதும்.

அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்தால் கதிர்வீச்சு ஏறுமா? (பலர்)

அதில் எக்ஸ்-ரே கதிர்வீச்சே கிடையாது.

ஃபிலிமைப் போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். தம்பிக்கு ஆபரேஷன் வேண்டுமா? (வாசகர், பாபநாசம்)

மாதம் பத்துப் பேராவது இப்படி அனுப்புகிறார்கள். உங்கள் படத்தில் ஜன்னல் கம்பி மூளைக்குக் குறுக்கே நிற்கிறது. ஃபிலிமை நான்காக மடித்த தடம் வலது பக்கத்தில் ஓடுகிறது. அதில் எது ரத்தக்குழாய், எது மடிப்பு? டி.ஓ.எஃப்.பில் நூற்றுக்கு மேல் துண்டுப் படங்கள் உண்டு. ஃபிலிமில் அச்சாவது இருபது, முப்பதுதான். சின்ன முடிச்சு அச்சாகாத துண்டுகளில் ஒளிந்துகொள்ளலாம். சுழற்றிக் காட்டும் அழகான முப்பரிமாணப் படத்திலும் சின்னக் குழாய்கள் மறைந்துபோகும். அதனால்தான் மூலத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். அவை குறுந்தகட்டில் இருக்கின்றன, ஃபிலிமில் இல்லை.

ஒரு பெரியவர் மஞ்சப்பையில் ஆறு வருடப் பழைய குறுந்தகட்டைக் கொண்டுவந்தார், உறையில் நெல் தூசியோடு. புது ஸ்கேனில் எல்லோரையும் பயமுறுத்திய புள்ளி, பழையதிலும் அதே இடத்தில், அதே அளவில் இருந்தது. ஐந்து நிமிடத்தில் தெளிவு கிடைத்தது. அந்தத் தகடு குப்பைக்குப் போயிருந்தால் மறுபடி ஸ்கேன், மறுபடி செலவு. தம்பியின் தகட்டை எடுத்துக்கொண்டு நேரில் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். போன் படத்தை வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன்.

கேவர்னோமா என்கிறது எம்.ஆர்.ஐ.; ஆஞ்சியோவோ சுத்தம் என்கிறது. எது சரி? (வாசகி, பட்டுக்கோட்டை)

இரண்டும் சரி. கேவர்னோமா என்பது மெல்லிய சுவருள்ள சின்ன ரத்தக்குழாய்களின் கொத்து. அதில் ரத்தம் தேங்கினாற்போல நகர்வதால் ஆஞ்சியோவில் தெரியாது. பழைய கசிவு விட்டுப்போன இரும்புக் கறையை எம்.ஆர்.ஐ.யின் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற பட வரிசை கருப்பாகக் காட்டும். அந்த வரிசை எடுத்தார்களா என்று கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் டி.வி.ஏ. என்று இருக்கிறது. பயமாக இருக்கிறது. (வாசகர், மயிலாடுதுறை)

சிரைகள் கொஞ்சம் வேறு மாதிரி அமைந்திருக்கின்றன, அவ்வளவுதான். தனியாக இருந்தால் பொதுவாகச் சிகிச்சை தேவையில்லை.

அம்மாவுக்குப் பல வருடம் முன்பு மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்குக் கிளிப் வைத்தார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? (வாசகர், நாகப்பட்டினம்)

என்ன கிளிப் என்று எழுதவே இல்லையே! டைட்டானியம் என்றால் பொதுவாக எடுக்கலாம். பழைய காந்தமேறும் கிளிப் என்றால் காந்தம் அதை நகர்த்திவிடலாம். டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடுங்கள். அது கிடைக்கும் வரை அறைக்குள் விடாதீர்கள். கிளிப் இல்லாதவர்களும் கவனியுங்கள்: தாலிக்கயிற்றில் மாட்டிய ஊக்கு, அரைஞாண் தாயத்து எல்லாம் வெளியே. யாரும் படுக்காவிட்டாலும் காந்தம் வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

தங்கை ஆறு மாத கர்ப்பம். ஏ.வி.எம். இருக்கிறது. இப்போது எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? (வாசகி, கும்பகோணம்)

மருத்துவர் கேட்டால் எடுக்கலாம், படத்தைத் தெளிவாக்கப் போடும் கடோலினியம் ஊசி இல்லாமல். டி.ஓ.எஃப்.புக்கு அது தேவையே இல்லை. கர்ப்பம் என்பதை ஸ்கேன் அறையில் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். பழைய குறுந்தகட்டையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.