பிக்கப் வாங்குவதற்கு முன்னால்: எலெக்ட்ரிக் கிட்டார் கேள்வி பதில்

பிக்கப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே போகிறேன். அக்கூஸ்டிக் கிட்டார், பேஸ் பற்றியெல்லாம் தெரிந்தவர்களிடம் கேளுங்கள், நான் அதற்கு ஆள் இல்லை.

அண்ணா, ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை கிட்டார் வைத்திருக்கிறேன். சோலோவில் ஸ்வரம் நீண்டு நிற்பதில்லை. 12வது ஃப்ரெட்டுக்கு மேலே தடித்த கம்பிகளை மீட்டினால் சுருதி சேராமல் அலைகிறது. சஸ்டெய்ன், அதாவது ஸ்வரம் நீண்டு நிற்பது, அதிகம் தரும் பிக்கப் எது?

தம்பி, நோயையும் சொல்லிவிட்டீர்கள், காரணத்தையும் சொல்லிவிட்டீர்கள். பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியும்தான். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்னழுத்தம் உண்டாகிறது. நடப்பது அவ்வளவுதான். தந்தியைக் கூடுதலாக ஒரு நொடி அதிர வைக்க எந்தப் பிக்கப்பாலும் முடியாது. ஆனால் அதிர்வைக் குறைக்க முடியும். உங்கள் கிட்டாரில் நடப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஸ்ட்ராட் பிக்கப்பில் ஒவ்வொரு தந்திக்கும் நேர் கீழே ஒரு காந்தத் தண்டு நிற்கிறது. தந்திக்கு மிக அருகில் இருந்தால் அது தந்தியைப் பிடித்து இழுக்கும். ஒரே ஸ்வரம் இரண்டாகப் பிரிந்து அலையும், சீக்கிரம் அடங்கியும் போகும். நெக் (கழுத்து) பக்கத்துப் பிக்கப்பில்தான் இந்தத் தொல்லை அதிகம்.

கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்தியின் அடியிலிருந்து காந்தத்தின் தலை வரை எஃகு ஸ்கேலால் அளந்து பாருங்கள். பழைய பாணி சிங்கிள் காயிலுக்கு (ஒற்றைச் சுருள் பிக்கப்) ஃபெண்டர் சொல்லும் அளவு தடித்த E தந்திப் பக்கம் சுமார் 2.4 மி.மீ., மெல்லிய E தந்திப் பக்கம் 2 மி.மீ. கிப்ஸன் பாணி ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) என்றால் நெக்கில் 2.4, பிரிட்ஜ் (தந்திகள் உடலில் ஊன்றும் இடம்) பக்கம் 1.6. ஸ்க்ரூவை இடது பக்கம் அரைச் சுற்று திருப்பினால் பிக்கப் இறங்கும். வாசித்துக் கேளுங்கள், பிறகு இன்னொரு அரைச் சுற்று. உங்களுக்கு ஆகும் செலவு ஒரு ஸ்க்ரூடிரைவர்.

அதற்கும் முன்னால், தந்தியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? கடற்காற்று அடிக்கும் ஊரில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த தந்திக்கு எந்தப் பிக்கப் போட்டும் பயன் இல்லை.

16 கிலோ ஓம் பிக்கப், 8 கிலோ ஓம் பிக்கப்பைவிட இரண்டு மடங்கு சத்தம் தருமா?

தராது. ஓம் கணக்கு, சுருளில் எவ்வளவு நீளக் கம்பி, எவ்வளவு மெல்லிய கம்பி என்பதை மட்டும் சொல்கிறது. 42 கேஜுக்குப் பதில் அதைவிட மெல்லிய 44 கேஜ் கம்பியைச் சுற்றினால் அதே எண்ணிக்கைச் சுற்றுக்கு ஓம் ஏறிவிடும், சத்தம் அந்த அளவுக்கு ஏறாது. கிரெட்ச் கம்பெனியின் ஃபில்டர்ட்ரான் பிக்கப் 4 கிலோ ஓம் அளவுதான், அதன் ஒலி மெலிந்தது என்று யாரும் சொன்னதில்லை. காந்தம் அல்னிகோவா செராமிக்கா என்பதும் கணக்கில் சேரும்.

சுற்று கூடினால் சத்தம் கூடுவது உண்மைதான். கூடவே இண்டக்டன்ஸும் (சுருளின் மின் தூண்டல்) கூடும், ரெஸனன்ஸ் உச்சம் (பிக்கப் தூக்கலாக ஒலிக்கும் அதிர்வெண்) கீழே இறங்கும், மேல் ஸ்தாயியின் பளபளப்பு போய்விடும். 1972-ல் டிமார்ஸியோ கம்பெனி கொண்டுவந்த சூப்பர் டிஸ்டார்ஷன், வால்வ் ஆம்பை முட்டித் தள்ளுவதற்காகவே செய்த செராமிக் பிக்கப். அந்த வேலைக்கு அது அருமை. அதில் ஸ்ட்ராட்டின் தெளிவை எதிர்பார்க்கக் கூடாது.

“அதிக அவுட்புட் என்றால் அதிக சஸ்டெய்ன்” என்ற நம்பிக்கை வந்ததும் இதனால்தான். ஆம்ப் ஓவர்டிரைவில் (தாங்கும் அளவுக்கு மேல் தள்ளப்பட்டு) இருக்கும்போது ஒலியின் உச்சி நசுங்கி வால் பகுதி உயர்ந்து கேட்கிறது. ஸ்வரம் நீண்டதுபோல் தோன்றும், தந்தி எப்போதும்போல்தான் அடங்குகிறது. க்ளீன் ஆம்பில் (ஒலி நசுங்காத நிலையில்) போட்டுப் பாருங்கள், வித்தியாசம் மறைந்துவிடும்.

சீலிங் ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பினால் ஆம்ப் கத்துகிறது. ஹம்பக்கர் மாற்றினால் போய்விடுமா?

பெருமளவு குறையும். கிப்ஸனில் வேலை பார்த்த செத் லவர் 1955-ல் இதற்குத்தான் வழி கண்டார். இரண்டு சுருள்கள், ஒன்றுக்கொன்று எதிர்த் திசை, காந்த முனைகளும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக விழுந்து கழிந்துபோகிறது, தந்தியின் ஒலி கூடுகிறது. காப்புரிமை கிடைத்தது 1959-ல். அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் வரை அடியில் ஒட்டியிருந்த “காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம்” ஸ்டிக்கருக்காகவே இன்று பழைய பிக்கப்புகள் கொள்ளை விலை போகின்றன.

ஆனால் உங்கள் வீட்டு ப்ளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று முதலில் எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். எர்த் இல்லாத வீட்டில் ஹம்பக்கரும் முனகும். இரைச்சல் குறைகிறது என்பதற்காக ஆம்பின் எர்த் பின்னை மட்டும் உடைக்காதீர்கள். கிட்டார் தந்தி பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. ஆம்பில் கோளாறு, கையில் தந்தி, உதட்டில் மைக் என்றால் ஷாக் உங்கள் வழியாகத்தான் போகும்.

சஸ்டெய்னுக்கு அல்னிகோ 2 நல்லதா, 5 நல்லதா ப்ரோ?

முதல் பதிலைப் படியுங்கள். 2 கொஞ்சம் மெதுவாக இழுக்கும், ஒலியும் மென்மை. உயரம் சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான்.

வீணைக்குப் பலா மரம்தான் சிறந்தது. பலா மரத்தில் கிட்டார் உடல் செய்து நல்ல பிக்கப் போட்டால் டோன் எப்படி இருக்கும்?

வீணையில் குடமும் அதன் மேல் பலகையும்தான் ஒலியைக் காற்றில் எறிகின்றன, மரமே வாத்தியம். கெட்டி உடல் கிட்டாரில் பிக்கப் காற்றைக் கேட்பதில்லை, தந்தியைத்தான் கேட்கிறது. செய்யலாம், எடை பார்த்துச் செய்யுங்கள்.

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். அப்படியானால் கிப்ஸனின் மஹோகனி லெஸ் பாலும் ஆல்டர் ஸ்ட்ராட்டும் ஒன்றுபோல் ஒலிக்க வேண்டுமே?

வந்துவிட்டதா மரச் சண்டை! சரி. அந்த இரண்டுக்கும் மரம் மட்டுமா வேறு? ஒன்று ஹம்பக்கர், மற்றது சிங்கிள் காயில். தந்தி நீளம் ஒன்றில் சுமார் 24.75 அங்குலம், மற்றதில் 25.5. பிரிட்ஜ் வேறு, வால்யூம் பாட் (குமிழுக்குக் கீழே உள்ள மாறுமின்தடை) வேறு. இத்தனையும் மாறியிருக்கும்போது பெருமை மரத்துக்கு மட்டும் எப்படிப் போகும்?

அப்படியென்றால் டெட் ஸ்பாட் ஏன் வருகிறது? ஒரே கிட்டாரில், ஒரே பிக்கப்பில், ஒரு ஃப்ரெட்டில் மட்டும் ஸ்வரம் பொசுக்கென்று செத்துப்போகிறதே?

இதைக் கேட்டவருக்கு ஒரு சபாஷ். மரச் சண்டையில் உருப்படியான வாதம் இதுதான். நெக் தனக்கென்று சில அதிர்வெண்களில் ஆடும். நீங்கள் வாசிக்கும் ஸ்வரம் அதோடு பொருந்திவிட்டால் தந்தியின் ஆற்றலை நெக் குடித்துவிடும். போல்ட் போட்ட நீள நெக்குகளில் இது அடிக்கடி தென்படும். ஹெட்ஸ்டாக்கில் (நெக்கின் தலைப் பகுதி) துணி சுற்றி ஒரு சிறிய கிளாம்ப் மாட்டிப் பாருங்கள், எடை கூடியதும் செத்த இடம் நகரும்.

ஆகவே மரம் சஸ்டெய்னைத் தொடவே தொடாது என்று நான் சொல்லமாட்டேன். நெக்கின் விறைப்பும் எடையும் தொடும். “மஹோகனி என்றால் இதம், மேப்பிள் என்றால் கூர்மை” என்று மரத்தின் பெயரைப் பார்த்து ஜாதகம் கணிப்பதைத்தான் நம்பவில்லை. ஒரே மரத்தில் அடுத்தடுத்து வெட்டிய இரண்டு பலகைகளே எடையில் ஒத்துப்போவதில்லை.

நான் காதால் கேட்டிருக்கிறேன் சார், வித்தியாசம் இருக்கிறது.

திரைக்குப் பின்னால் வேறொருவர் வாசிக்க, எது எதுவென்று தெரியாமல் கேட்டீர்களா? இல்லையென்றால் விட்டுவிடலாம். மரத்தைப் பற்றி இனி வரும் கேள்விகளுக்குப் பதில் இல்லை.

எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கிறேன். தந்தியை இழுத்து கமகம் கொடுக்கும்போது பாதியில் ஒலி மெலிகிறது. கார்வையும் போதவில்லை.

இப்படிக் கேளுங்கள்! தந்தியை இழுக்கும்போது அது தன் காந்தத் தண்டைவிட்டு நகர்ந்து, இரண்டு தண்டுகளுக்கு நடுவில் போய் நிற்கிறது. அந்த இடத்தில் சமிக்ஞை கொஞ்சம் இறங்கும். ஆறு தண்டுகளுக்குப் பதில் முழு நீளத்துக்கும் ஒரே பட்டை வைத்த ரெயில் வகைப் பிக்கப் போட்டால் இந்தப் பள்ளம் பெரும்பாலும் நிரம்பிவிடும். மாற்ற மனமில்லையென்றால் இருப்பதைக் கொஞ்சம் இறக்குங்கள். தூரம் கூடும்போது தண்டுக்கு நேர் மேலும் நடுவிலும் உள்ள வேறுபாடு குறையும்.

கார்வைக்கு ஆம்புக்கு முன்னால் ஒரு கம்ப்ரஸர் (உரத்த ஒலியை அமுக்கி மெல்லிய ஒலியை உயர்த்தும் கருவி) வையுங்கள், அதன் அட்டாக்கை (அமுக்கத் தொடங்கும் நேரம்) சற்றே தாமதமாக விட்டால் மீட்டு கெடாது. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்துக்கொண்டதற்கும் இந்தக் கார்வைதான் பெரிய காரணமாக இருந்திருக்கும். ஜாரு (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குச் சறுக்குவது) நிறைய வாசிப்பவர் என்றால் நெக் பிக்கப்பில் டோனைக் கொஞ்சம் குறைத்து வாசித்துப் பாருங்கள், ஃப்ரெட் உரசும் சத்தம் அமுங்கும்.

நைலான் தந்தி கிட்டாருக்கு எந்த மேக்னெடிக் பிக்கப்?

எதுவும் இல்லை. நைலானைக் காந்தம் அறியாது. பீஸோ (அதிர்வின் அழுத்தத்தை உணரும் பிக்கப்) தெரிந்தவரைக் கேளுங்கள்.

சஸ்டெய்ன் அதிகம் வரும் பிக்கப் 5,000 ரூபாய்க்குள் சொல்லுங்கள் ப்ளீஸ்.

உயரம் அளந்தீர்களா?

ஸ்ட்ராட்டில் பிரிட்ஜ் ஹம்பக்கர் போட்டேன், ஒலி போர்வை மூடியதுபோல் இருக்கிறது. பிக்கப் சரியில்லையா?

வால்யூம் பாட் இன்னும் 250 கிலோ ஓம்தானே? ஹம்பக்கருக்கு 500 போடுவது வழக்கம். பிக்கப்பைத் திருப்பித் தருவதற்கு முன் பாட்டை மாற்றுங்கள். ஆம்புக்குப் போகும் கேபிள் மிக நீளம் என்றால் அதுவும் மேல் ஒலியைத் தின்னும்.

ஆக்டிவ் பிக்கப் சஸ்டெய்ன்...

முதல் பதில், முதல் பதில். இஎம்ஜி வகை ஆக்டிவ் பிக்கப்புக்கு (உள்ளேயே சிறிய ஆம்ப் வைத்தது) 9 வோல்ட் பேட்டரியும் 25 கிலோ ஓம் பாட்டும் வேண்டும். இரைச்சல் குறைவு, காந்த இழுப்பும் குறைவு. வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி தீரும்.

நெக்கில் மட்டும் வேறு கம்பெனி ஹம்பக்கர் மாற்றினேன். தனித்தனியாக நன்றாக இருக்கிறது. ஸ்விட்சை நடுவில் வைத்தால் ஒலி மூக்கால் பேசுவதுபோல் ஒல்லியாகிவிடுகிறது.

இரண்டும் எதிர் ஃபேஸில் இருக்கின்றன, ஒன்றின் சமிக்ஞை மற்றதைக் கழிக்கிறது. ஒவ்வொரு கம்பெனிக்கும் வயர் நிறம் வேறு. சீமோர் டங்கனில் ஹாட் (சமிக்ஞையைக் கொண்டுபோகும் வயர்) கறுப்பு, டிமார்ஸியோவில் சிவப்பு. ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதை ஈயம் வைத்தால் இப்படித்தான் வரும். புதுப் பிக்கப்பில் நான்கு வயரும் தனியாக ஒரு வெற்று வயரும் இருந்தால், ஹாட்டையும் கிரவுண்டையும் இடம் மாற்றினால் போதும், வெற்று வயர் கிரவுண்டிலேயே இருக்கட்டும். பின்னல் உறை போட்ட ஒற்றை வயர் வகை, மேலே உலோகக் கவர் வேறு என்றால் நீங்களே மாற்றாதீர்கள். கவர் ஹாட்டோடு சேர்ந்துவிடும், கை பட்டாலே ஹம் அடிக்கும். கவரின் கிரவுண்டைத் தனியாகப் பிரித்துத் தரச் சொல்லி ரிப்பேர் கடையில் கொடுங்கள்.