பதினோரு நாள் மௌனம்

கேள்வி: எனக்கு வயது 38. இரண்டு வருடங்களாக ஈடுபாட்டுப் பௌத்தத்தில் தீவிரமாக இருக்கிறேன். கண்ணை மூடித் தியானம் செய்தால் மட்டும் போதாது, அநீதிக்கு எதிராக அகிம்சை வழியில் களத்தில் நிற்க வேண்டும் என்று நம்புகிறேன். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதில் இறங்க ஆசை. மனைவிக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை. சண்டை வந்தால் நான் குரலை உயர்த்துவதே கிடையாது, பேசாமல் இருந்துவிடுவேன். போன முறை பதினோரு நாள் பேசவில்லை. ஏழு வயது மகள்தான் எங்களுக்குள் சேதி சொன்னாள். சித்தார்த்தரே குடும்பத்தை விட்டு வந்தவர்தானே? நான் வேலையை விடலாமா?

பதில்: வேலையைப் பற்றி அப்புறம் பேசுவோம். நீங்கள் அனுப்பியது நான்கு பக்கக் கடிதம். மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். போர், சாதி, நிறவெறி, காடழிப்பு என்று பத்தி பத்தியாக எழுதியிருக்கிறீர்கள். மகளுக்கு ஒரே ஒரு வரி. என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

"அம்மா சாப்பிட வரச் சொன்னாங்க." "பசிக்கலைன்னு போய்ச் சொல்லு." இப்படி ஓர் அறைக்கும் இன்னோர் அறைக்கும் நடுவே அந்தக் குழந்தை பதினோரு நாள் நடந்திருக்கிறாள். சின்ன வயதில் அந்த வேலையை நானும் பார்த்தவள். நடப்பதில் கஷ்டமில்லை. போகிற வழியில் சேதியை மாற்றத் தோன்றும், அதுதான் கஷ்டம். 'பசிக்கலை' என்று அப்பா சொன்னதை 'அப்புறம் வர்றாராம்' என்று அம்மாவிடம் சொல்வேன். பிறகு அவர் வராமல் போனால் பொய் சொன்னது நான்தான்! உங்கள் மகள் என்னென்ன மாற்றிச் சொன்னாள் என்று உங்களுக்குத் தெரியுமா?

குரல் உயரவில்லை, அதனால் அகிம்சை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒத்துழைக்க மறுப்பது, பேச மறுப்பது எல்லாம் அதிகாரம் இல்லாதவர்கள் அதிகாரம் உள்ளவர்களுக்கு எதிராக எடுக்கும் ஆயுதம். நீங்கள் அதை யார் மேல் எடுத்தீர்கள்? உங்கள் முகத்தைப் பார்த்துத் தன் நாளைத் தொடங்குகிறவர்கள் மேல்.

இது புத்தர் காலத்திலேயே நடந்த கதைதான். பிக்குகளுக்கான விதிகளைச் சொல்லும் வினய பிடகத்தில், மகாவக்கம் என்ற பகுதியில் வருகிறது. மழைக்காலத்தைச் சேர்ந்து கழிக்கப்போன சில பிக்குகள், பிணக்கே வரக்கூடாது என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள்: ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. காலம் முடிந்ததும் புத்தரிடம் போய், சுகமாக இருந்தோம் என்று பெருமையாகச் சொன்னார்கள். ஆடுமாடுகள்போல இருந்துவிட்டு வந்து சுகமாக இருந்தோம் என்கிறீர்களே என்று புத்தர் கடிந்துகொண்டார். ஊமை நோன்பே கூடாது என்று விதி போட்டார். அதற்குப் பதிலாக வந்ததுதான் பவாரணை. மழைக்கால முடிவில் ஒவ்வொரு பிக்குவும் மற்றவர்கள் முன்னால் கைகூப்பி உட்கார்ந்து, என்னிடம் நீங்கள் கண்ட குற்றம், கேட்ட குற்றம், சந்தேகப்பட்ட குற்றம் எதுவானாலும் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன் என்று தானே கேட்க வேண்டும்.

நீங்கள் இரண்டு பக்கம் நிறைய எழுதியிருக்கும் வியட்நாம் பௌத்தத் துறவி திக் நாட் ஹானுக்கு வருவோம். அவர் 1966-இல் தொடங்கிய சங்கத்துக்கு 14 நெறிகள் உண்டு. எவ்வளவு சின்னப் பிணக்கானாலும் தீர்க்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. 1982-இல் அவர் பிரான்சில் அமைத்த பிளம் வில்லேஜ் மடத்தில் கோபத்துக்குக் கெடுவும் வைத்தார்கள்: 24 மணி நேரம். அதற்குள், எனக்கு உன் மேல் கோபம், எனக்கு வலிக்கிறது என்று அமைதியாகச் சொல்லிவிட வேண்டும். வாயால் சொல்ல முடியாவிட்டால் சீட்டில் எழுதியாவது கொடுக்க வேண்டும். நீங்கள் எடுத்துக்கொண்டது 264 மணி நேரம். (ஆமாம், கணக்குப் போட்டுப் பார்த்தேன்.)

வியட்நாம் போரில் அவரோடு இருந்த இளைஞர்கள் குண்டு விழுந்த கிராமத்தைக் கட்டினார்கள். மறுபடி விழுந்தது, மறுபடி கட்டினார்கள். எந்தத் தரப்போடும் சேராமல், போரை நிறுத்துங்கள் என்று அவர் வெளிநாடுகளில் பேசினார். வடக்கும் தெற்கும் அவரை உள்ளே விடவில்லை. 1966-இல் கிளம்பியவர் மறுபடி தாய்நாட்டில் கால்வைத்தது 2005-இல். வாயைத் திறந்ததற்காக 39 வருடம் கொடுத்தவர் அவர். உங்கள் மௌனத்துக்கு அவரைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

சரி, சித்தார்த்தர். நள்ளிரவில் தூங்குகிற மனைவியை விட்டுப் போன கதையைத்தான் சொல்கிறீர்கள். அம்பேத்கர் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1957-இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அந்தக் கதை இல்லை. அதில் சித்தார்த்தர் ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காகப் போர் தொடுப்பதை எதிர்த்து நின்றதால் நாட்டைவிட்டுப் போகிறார். போகும் முன் மனைவி யசோதரையிடம் பேசுகிறார். அவர் சம்மதித்த பிறகுதான் கிளம்புகிறார். ஒருவன் தனியாக இருந்தால் அவனுக்குத் தம்மம், அதாவது அறநெறி, தேவையில்லை, இரண்டு பேர் சேர்ந்து வாழும்போதுதான் தேவைப்படுகிறது என்பதும் அதே நூலில்தான் இருக்கிறது. இரண்டு பேர் என்றால் யார் யார்? உங்கள் வீட்டிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள்.

சமூக வேலைக்குப் போவது தப்பென்று நான் சொல்லவில்லை. ஆனால் கட்டியவளைக் கலக்காமல், பெற்ற பிள்ளையின் சோற்றையும் படிப்பையும் யார் தலையிலோ போட்டுவிட்டுச் செய்கிற தியாகத்தின் மேல் எனக்கு மரியாதை கிடையாது. நான் பழைய ஆள், அப்படித்தான். மனைவிக்கு 'ஆர்வம் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் வாக்கியம். நான்கு பக்கத்தில் அவர் சொன்னதாக ஒரு வாக்கியம்கூட இல்லை.

இன்றைக்கே மகளைக் கூப்பிட்டு, இனிமேல் நாங்களே பேசிக்கொள்கிறோம், நீ சேதி கொண்டுவர வேண்டாம் என்று சொல்லுங்கள். அவள் தூங்கிய பிறகு மனைவி முன்னால் உட்கார்ந்து அந்தப் பிக்குகள் கேட்டதைக் கேளுங்கள். அவர் ஒரு மணி நேரம் பேசலாம், அழலாம், ஒன்றுமே சொல்லாமல் எழுந்தும் போகலாம். நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள், மூச்சைக் கவனிக்கவும் உட்கார்ந்துவிடாதீர்கள். எழுந்து போனால் மறுநாளும் கேளுங்கள். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள். வேலையை விடலாமா என்பதற்கு அதைப் படித்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.