இரைப்பையை எடுத்த பிறகு கஞ்சி ஏன் ஒத்துக்கொள்வதில்லை?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. புற்றுநோய்க்காக இரைப்பையை முழுவதும் எடுத்து நான்கு மாதம் ஆகிறது. வயிற்றுக்கு லேசாக இருக்கட்டும் என்று சர்க்கரை போட்ட ராகிக் கஞ்சியும் பழச்சாறும் கொடுக்கிறேன். குடித்த கால் மணி நேரத்தில் படபடப்பு, வேர்வை, வயிற்றுப்போக்கு. சில நாள் ஆபீஸ் போகும் வழியில் ரயிலிலேயே கண் இருட்டிக்கொண்டு வருகிறதாம். ஒன்பது கிலோ இளைத்துவிட்டார். பயமாக இருக்கிறது.
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: நீங்கள் சொல்வது ‘டம்பிங்’ என்ற தொந்தரவுடன் ஒத்துப்போகிறது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கும் வருவதுதான். இரைப்பை உணவைத் தேக்கிவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு அனுப்பும். அது இல்லாதபோது இனிப்பான நீராகாரம் நேராகச் சிறுகுடலில் போய் விழுகிறது. ரத்தத்திலிருந்து நீரை இழுக்கிறது. படபடப்பும் வயிற்றுப்போக்கும் அதனால்தான். ரயிலில் வருவது டம்பிங்கின் இரண்டாவது வகையாக, தாமதமாக வருவதாக இருக்கலாம். வேகமாக ஏறிய சர்க்கரைக்கு இன்சுலின் அதிகமாகச் சுரந்து, ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை சரிந்துவிடும். அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் இரண்டு மூன்று டீஸ்பூன் சர்க்கரை கொடுத்து, பிறகு ஒரு முட்டையோ கொஞ்சம் கடலையோ சாப்பிட வையுங்கள். அந்த எண்ணை டாக்டரிடமும் சொல்லுங்கள்.

ஆகவே கஞ்சி, ஜூஸ், குளுக்கோஸ் தண்ணீர் மூன்றையும் நிறுத்துங்கள். காலையில் ஒரு இட்லி, கெட்டிப் பருப்பு, ஒரு முட்டை போதும். இட்லியைச் சாம்பாரில் மிதக்கவிட வேண்டாம். ஒரு வேளைக்கு அரை கப் அளவு, நாளுக்கு ஆறு முதல் எட்டு வேளை. ஒவ்வொரு வேளையும் மீன், பனீர், பருப்பு, தயிர் என்று ஏதாவது ஒரு புரதம் இருக்கட்டும். பால் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். தண்ணீர், டீ எல்லாம் சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து, சிறு சிறு மிடறாக. கட்டிங் சாய் சர்க்கரை இல்லாமல் குடிக்கலாம். ஆபீஸுக்கு ஒரு பெரிய டப்பா வேண்டாம். 11, 1, 4 மணிக்கென்று மூன்று சிறு டப்பாக்கள். கூழாகும்வரை மெல்ல வேண்டும். இரைப்பை அரைத்த வேலை இனி பற்களுடையது. அவசரமாக விழுங்கும் பழக்கத்தை மாற்றுவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். அரை மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட வீட்டார்தான் துணையிருக்க வேண்டும்.

முதல் சில மாதங்களில் எடை குறைவது வழக்கம். ஆனாலும் ஒன்பது கிலோ என்பதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். மலம் எண்ணெய்ப் பசையாக மிதந்தால் கொழுப்பு செரிக்கவில்லை. அதற்குக் கணைய நொதி மாத்திரை உண்டு. விழுங்கச் சிரமம், தொடர் வாந்தி, கறுப்பு மலம், மஞ்சள் காமாலை இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயிண்ட்மெண்ட்வரை காத்திருக்காதீர்கள். உணவுக்குழாயையும் சிறுகுடலையும் இணைத்த இடம் சுருங்கியிருந்தால் எண்டோஸ்கோப்பியில் விரித்துவிட முடியும்.

கேள்வி: அப்பாவுக்கும் இதே ஆபரேஷன் நடந்து மூன்று வருடம் ஆகிறது. பி12 ரிப்போர்ட் நார்மல். ஊசியை நிறுத்தலாமா?
– வாசகர், டோம்பிவிலி

பதில்: நிறுத்தக் கூடாது. ஊசி போடுவதால்தான் நார்மல். உணவிலுள்ள பி12ஐக் குடல் உறிஞ்ச உதவும் புரதம் இரைப்பையில்தான் சுரந்தது. அது இனி திரும்பாது. சாதாரண மல்டிவிட்டமினில் உள்ள அளவும் போதாது. கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில வருடம் தாங்குவதால் நிறுத்தியவுடன் ஒன்றும் தெரியாது. பாதம் மரத்துப்போய்த் தெரியவரும்போது நரம்புச் சேதம் முழுவதும் சரியாகாமலும் போகலாம். அடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலிலுள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), வைட்டமின் டி மூன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். கால்சியம் மாத்திரை எடுக்கிறார் என்றால் ‘சிட்ரேட்’ வகையா என்று டாக்டரிடம் கேளுங்கள். ‘கார்பனேட்’ நன்றாக உறிஞ்சப்பட இரைப்பை அமிலம் வேண்டும்.