சுவரில் கத்திகளைக் காந்தத்தில் மாட்டலாமா?

மதுரை திருநகரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பணி ஓய்வு பெற்றவர். தாத்தா விட்டுச்சென்ற இரண்டு பாக்குவெட்டிகள், பாளை சீவும் அரிவாள் ஒன்று, திருப்பாச்சேத்திப் பட்டறையில் சொல்லி அடித்து வாங்கிய மூன்று அரிவாள்கள், டார்ஜிலிங் போனபோது வாங்கிய குக்ரி என்ற நேபாள வளைகத்தி, பேனாக்கத்திகள், சமையல் கத்திகள் என்று 22 உருப்படிகள் அவரிடம் இருக்கின்றன. “இத்தனை நாளும் டிரங்குப் பெட்டியில் கிடந்தன. மகன் வீட்டுச் சமையலறையில் கத்திகளைக் காந்தப் பட்டையில் ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்தேன். அதுபோலக் கூடத்துச் சுவரில் வட்டக் காந்தங்களைப் பசை போட்டு ஒட்டி, எல்லாவற்றையும் வரிசையாக மாட்ட ஆசை. மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறார். விடுமுறைக்கு 4 வயதுப் பேத்தியும் 7 வயதுப் பேரனும் வருவார்கள். காந்தம் தாங்குமா? இரும்பு கெட்டுப்போகுமா?” என்று கேட்கிறார்.

ஐயா, காந்தத்தால் இரும்பு கெடாது. கூரும் குறையாது, பதமும் இறங்காது. ஆனால் நீங்கள் நினைத்திருக்கும் முறையில் காந்தம் தாங்காது. காட்சிப் பெட்டிகளும் பூஜை அலமாரிகளும் செய்கிற மரவேலைக்காரன் என்ற முறையில், உங்கள் மனைவியின் பயத்தை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். காரணம் ஒரு அரிவாள்.

தொழிலில் காலூன்றிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு வீட்டில் இதே போல வெறும் காந்தத்தில் அரிவாள் ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். காந்தம் வந்த பெட்டியில் 10 கிலோ இழுக்கும் என்று போட்டிருந்தது. அரிவாளின் எடையோ 1 கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். கையால் இழுத்துப் பார்த்தேன்; பிடுங்க முடியவில்லை. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது அரிவாள் நான்கு விரற்கடை இறங்கி, பிடியின் கனத்தில் பிடி கீழே தொங்க, மூக்கு மேலே திரும்பியிருந்தது. மூக்கு சுவரைச் சீவிக்கொண்டே போன தடம் பிறை போல வெள்ளையாகத் தெரிந்தது. அதற்கு நேர் கீழே அந்த வீட்டு அம்மாவின் தையல் மெஷினும் அவர் உட்காரும் ஸ்டூலும் இருந்தன. அன்றைக்கே கழற்றினேன். வெறும் காந்தத்தை மட்டும் நம்பி எதையும் மாட்டுவதை அதோடு விட்டுவிட்டேன்.

பெட்டியில் போட்டிருந்த 10 கிலோ பொய் இல்லை. தடித்த, சமமான இரும்புத் தகட்டில் காந்தத்தை ஒட்டவைத்து, நேர் எதிராக இழுத்து அளந்த கணக்கு அது. சுவரில் மாட்டிய கத்தியை யாரும் நேர் எதிராக இழுப்பதில்லை. அதன் எடை கீழ்நோக்கி இழுக்கிறது. அப்போது கத்தியை நிறுத்துவது உராய்வு மட்டும்தான். வழவழப்பான இரும்பில் அந்த உராய்வு, இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. 10 கிலோ அங்கேயே 2 கிலோ ஆகிவிடுகிறது. மெல்லிய அலகாக இருந்தால் காந்தத்தின் முழு பலத்தையும் வாங்கிக்கொள்ள அதில் இரும்பு போதாது, இன்னும் குறையும். நடுவில் காகித அளவு இடைவெளி இருந்தாலும் குறையும். பிறகு கதவை அறைந்து சாத்துகிற அதிர்வு, மிக்சி ஓடுகிற அதிர்வு. இரவு முழுக்க மயிரிழை மயிரிழையாக இறங்குகிறது.

கையால் அடித்த அரிவாளில் இன்னொரு சங்கதி உண்டு. உங்கள் திருப்பாச்சேத்தி அரிவாள் ஒன்றை எடுத்து ஜன்னல் கண்ணாடித் துண்டின் மேல் படுக்க வையுங்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அலகு முழுவதும் கண்ணாடியில் பதியாது. இரண்டு மூன்று இடங்களில்தான் தொடும், மற்ற இடங்களில் வெளிச்சம் கசியும். சம்மட்டியின் அடி அப்படித்தான் விழுந்திருக்கும். அது குறையல்ல, அந்தப் பட்டறையின் கையெழுத்து. ஆனால் காந்தம் எங்கே வர வேண்டும் என்பதை அந்தத் தொடும் இடங்கள்தான் தீர்மானிக்கின்றன. சாக்பீஸால் அங்கே குறி போட்டுக்கொள்ளுங்கள். அலகை ஒரு விரலின் மேல் நிறுத்தி, எங்கே சாயாமல் நிற்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சமநிலைப் புள்ளிக்கு இரு பக்கமும் ஒவ்வொரு காந்தம் வந்தால் பிடி கீழே இழுத்துத் திருப்பாது.

ஆகவே, எடையை மரம் சுமக்கட்டும். கத்தி முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்கிற வேலையை மட்டும் காந்தத்துக்குக் கொடுங்கள்.

செய்யும் விதம் இதுதான். 20 மி.மீ. கனமுள்ள தேக்குப் பலகை எடுங்கள். பின்பக்கத்திலிருந்து குழி போட்டு, முன்பக்கம் 2 மி.மீ. மரம் மட்டும் மிச்சம் இருக்கும்படி விடச் சொல்லுங்கள். 20 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. கனமும் உள்ள நியோடிமியம் என்கிற வலுவான வகைக் காந்தங்களைக் குழியில் வைத்து, இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் எப்பாக்ஸி பசையால் நிரப்புங்கள். பக்கத்துப் பக்கத்துக் காந்தங்களில் ஒன்றின் வடமுனையும் அடுத்ததன் தென்முனையும் முன்னால் பார்க்கட்டும். இரண்டுக்கும் பின்னால் ஒரே இரும்புப் பட்டையைப் பதித்தால் பிடி நன்றாகக் கூடும். 2 மி.மீ. மரம் குறுக்கே வருவதால் பலம் பாதிக்கும் கீழே போகும். போகட்டும். சுமப்பது காந்தம் இல்லையே. வெறும் காந்தத்தில் இரும்பு ‘டக்’கென்று அறைந்து ஒட்டும்போது வாய், அதாவது வெட்டும் விளிம்பு, சில்லுப்போகும்; காந்தத்தின் நிக்கல் பூச்சும் உரியும். மரம் அதைத் தடுக்கிறது. முன்பக்கத்தில் தோலோ வெல்வெட்டோ ஒட்டாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும். ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, அலகில் தன் உருவத்தைத் துருவாகவே பதித்துவிடும்.

ஒவ்வொரு கத்திக்கும் கீழே இரண்டு மர முளைகள், பலகையிலிருந்து கத்தியின் கனத்தை விட ஒரு சென்டிமீட்டராவது கூடுதலாக நீட்டிக்கொண்டு வரவேண்டும். கத்தியின் முதுகு கீழே, வாய் மேலே இருக்கும்படி முளைகளில் உட்கார வையுங்கள். வாய் முளையில் உட்கார்ந்தால் மரத்தையும் வெட்டும், கூரும் மழுங்கும். மாட்டும்போது முதலில் முதுகை முளையில் வைத்து, பிறகு அலகை மெல்லப் பலகையோடு சாய்க்க வேண்டும். எடுக்கும்போது வாய்ப்பக்கத்தை முதலில் பிரித்து, முதுகின் மேல் உருட்டி எடுக்க வேண்டும். பலகையோடு சேர்த்து வழித்து இழுக்கவே கூடாது.

பாக்குவெட்டிகளைக் காந்தத்தில் வைக்காதீர்கள். இரண்டு கைகளும் தனித்தனியாக ஆடும். பித்தளையில் செய்ததாக இருந்தால் ஒட்டவே ஒட்டாது. ஓர் ஆணியில் தொங்கவிட்டாலே லட்சணமாக இருக்கும். சமையல் கத்திகளில் சில ஸ்டெயின்லெஸ் அலகுகள் ஒட்டும், சில ஒட்டாது. 420, 440 வகைகள் ஒட்டும். பாத்திரம் செய்யும் 304 ஒட்டாது. ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் பொம்மைக் காந்தத்தை வைத்துப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். பேனாக்கத்திகளை மடித்தே வையுங்கள்.

சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. பசை போட்டு ஒட்டினால் அது சுவரைப் பிடிப்பதில்லை, சுவரில் அடித்த பெயின்டைத்தான் பிடிக்கும். பெயின்ட் உரியும்போது எல்லாம் சேர்ந்து வரும். பலகையை ரால் பிளக்கும் (துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை) ஸ்குருவும் போட்டுச் செங்கல்லில் இறுக்க வேண்டும். உங்களுடையது பழைய சுண்ணாம்புக் காரை வீடாக இருந்தால், காரையில் துளை போட்டு நிறுத்திவிடாதீர்கள். துளையிடும்போது வெள்ளைத் தூள் போய்ச் செங்கல்லின் சிவப்புத் தூள் வந்து, அதற்குப் பிறகும் இரண்டு அங்குலம் உள்ளே போக வேண்டும். மேற்கு வெயில் அடிக்கும் சுவர் வேண்டாம். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸ் வரை தாக்குப்பிடிக்கும். ஆனால் பசை அதற்கு வெகு முன்பே இளகிவிடும். கட்டில், சோபா, நடைவழி ஆகியவற்றுக்கு மேலே மாட்டுவது எந்த நிலையிலும் கூடாது.

குழந்தைகள் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். உயரத்தில் மாட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். 7 வயதுப் பையனுக்கு நாற்காலியை இழுத்துப் போடத் தெரியும். பலகையைச் சுற்றிச் சட்டம் போட்டு, உடைந்தாலும் கூரான சில்லாகாத டஃபன்ட் கண்ணாடிக் கதவும் பூட்டும் வையுங்கள். சாவி பக்கத்து ஆணியில் தொங்கக் கூடாது. கத்தியைவிட எனக்குப் பெரிய பயம், பலகையில் பதித்ததுபோக மீந்துபோகிற காந்தங்கள். ஒரு குழந்தை இரண்டு காந்தங்களை விழுங்கினால், குடலின் இரண்டு மடிப்புகளுக்குள் அவை ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கிய குடலை ஓட்டையாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வலி வரும் வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மீந்தவற்றைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால், காந்தத்துக்கும் மார்புக்கும் இடையே குறைந்தது 15 செ.மீ. எப்போதும் இருக்க வேண்டும்.

காந்தத்தில் ஒட்டியிருக்கும் கார்பன் எஃகு அலகு தானும் லேசாகக் காந்தமாகும். அதனால் வரும் ஒரே தொல்லை, சாணை பிடித்த பிறகு இரும்புத்தூள் வாயோரம் மீசைபோல ஒட்டிக்கொள்வது. துணியால் முதுகிலிருந்து வாயை நோக்கித் துடைத்தால் போய்விடும்.

குக்ரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்லியாக வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்த கருவிகளை ஆயுதமாகக் கொள்வதில்லை. பாளை அரிவாளுக்குச் சிக்கல் இல்லை. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் அந்தச் சட்டத்தின் விதிகளில் உள்ள ஆயுதப் பட்டியலில் வருகின்றன. குக்ரி அதில் பெயரோடு இருக்கிறது. டேப் வைத்து அளந்து பாருங்கள். அளவு தாண்டினால், கூடத்தில் மாட்டும் முன் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. மாதம் ஒருமுறை, பழைய வேட்டித் துணியில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. சமையலுக்கு எடுக்கும் கத்திகளுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின். நல்லெண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் வாரம் ஒருமுறை கதவைத் திறந்து துடையுங்கள்.

அந்த மழைக்குச் சற்று முன்னால்தான் ஆயுத பூஜை வரும். அன்றைக்கு அலகில் ஈரச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டு அப்படியே விட்டால், இரண்டே நாளில் பொட்டுக்கு அடியில் பொட்டு வடிவிலேயே துரு பிடித்திருக்கும். எத்தனையோ வீட்டு அரிவாள்களில் அந்த வட்டத்தைப் பார்த்திருக்கிறேன். சந்தனத்தை மரப்பிடிக்கு வையுங்கள். அலகுக்கும் வைத்தே ஆக வேண்டுமென்றால் மறுநாள் காலையில் துடைத்து எண்ணெய் போடுங்கள். எலுமிச்சம்பழத்தை அரிவாளின் மூக்கில் குத்தி வைக்கும் பழக்கம் இருந்தால், அதன் புளிப்பு எஃகைக் கறுப்பாக அரித்துவிடும். பழத்தை முளைக்கு முன்னால் ஒரு தட்டில் வையுங்கள்.