புல்வெட்டும் வண்டியில் சாவி போட்டால் ‘டக்’ சத்தம் மட்டும் வருகிறது, ஸ்டார்டரை மாற்ற வேண்டுமா?

தக்கலைப் பக்கம் ஒரு கல்லூரியில் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் கேட்டிருக்கிறார். உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி, ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம். சில நேரம் இன்ஜின் அரைச்சுற்று சுற்றி, முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. போன மாதம்தான் புது பேட்டரி போட்டார்களாம். இப்போது ஸ்டார்டர் மோட்டாரையும் மாற்றச் சொல்கிறார்களாம்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு ஸ்டார்டர் கடைசியாகப் பார்க்க வேண்டிய இடம்.

நான் மார்த்தாண்டத்தில் சின்ன இன்ஜின் பட்டறை வைத்திருக்கிறேன். வருவதில் முக்கால்வாசி ரப்பர் தோட்டத்தில் காடு வெட்டும் பிரஷ் கட்டரும் தண்ணீர் பம்புசெட்டும்தான். உங்களுடையது மாதிரி வண்டி வருடத்துக்கு நாலைந்து வரும், கல்லூரியிலிருந்தும் கடற்கரை ரிசார்ட்டுகளிலிருந்தும். வருவதில் நிறைய வண்டிகள் இதே ‘அரைச்சுற்று’ புகாரோடுதான் வருகின்றன.

முதலில் அந்தச் சத்தத்தைக் கேளுங்கள். ‘டகடகடக’ என்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் பிடிக்கவில்லை. ‘டக்’ என்று ஒரே ஒரு தடவை கேட்டால் சொலினாய்டுக்கு, அதாவது ஸ்டார்டருக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சுக்கு, கரண்ட் வந்து அது இழுத்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியென்றால் சாவி, ஃபியூஸ், பிரேக் பெடல் சுவிட்ச், பிளேடு சுவிட்ச், சீட் சுவிட்ச் எல்லாம் கரண்டை விட்டிருக்கின்றன. அந்தப் பக்கம் கை வைக்கவே வேண்டாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஸ்டார்ட் ஆகாத வண்டி என்றாலே சிலர் முதல் வேலையாக சீட் சுவிட்ச் ஒயரை வெட்டி நேராக முறுக்கி விடுகிறார்கள். ஓட்டுகிறவர் விழுந்தாலோ எழுந்தாலோ இன்ஜினை நிறுத்துவது அந்தச் சுவிட்ச்தான். பிளேடின் நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். பிள்ளைகள் நடமாடும் மைதானத்தில் அந்தக் காரியத்தை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

பேட்டரி புதிது என்பதற்காக நம்பிவிட வேண்டாம். கடையில் மாதக்கணக்கில் சும்மா இருந்த பேட்டரியும் புதிது என்றுதான் வரும். மல்டிமீட்டர் வையுங்கள். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். அப்புறம் ஒருவர் சாவியைத் திருப்ப, மீட்டரைக் கவனியுங்கள். 9.6-க்குக் கீழே சரிந்தால், ஒன்று பேட்டரியில் வலு இல்லை, அல்லது ஸ்டார்டர் சுற்ற முடியாமல் கரண்டை வாரி இழுக்கிறது.

அடுத்தது எர்த், அதாவது பேட்டரியின் நெகடிவிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகும் இணைப்பு. நம் குமரி மாவட்டத்தில் இதை விடவே கூடாது. முட்டம் பக்கத்து ரிசார்ட் ஒன்றிலிருந்து வந்த வண்டியில் பேட்டரி நன்றாக இருந்தது, ஒயர் மேலே பளபளவென்று இருந்தது. சேசிஸில் எர்த் ஒயரை முடுக்கிய போல்ட்டைக் கழற்றினேன். வளையத்துக்கு அடியில் பச்சைக் களிம்பும், அதற்கும் கீழே தவிடு மாதிரி துருவும் உதிர்ந்தன. உப்புக் காற்று செய்த வேலை. பேட்டரியின் நெகடிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே மீட்டரை வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. உப்புத்தாள் போட்டு இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை தேய்த்து, இறுக முடுக்கி, மேலே வாசலின் தடவி விடுங்கள். கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது நெகடிவ் கடைசியில்.

இவை சரி என்றால், சோதனையிலேயே முக்கியமானதற்கு வருவோம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் கேப்பை இன்ஜின் உடம்பில் எர்த் செய்து, பிளக் ஓட்டையை விட்டு எட்ட வையுங்கள். முகத்தை அந்த ஓட்டைக்கு நேரே வைக்காமல், சாவியைத் திருப்புங்கள்.

பிளக் இல்லாமலும் இன்ஜின் முக்கிக்கொண்டே இருந்தால் கோளாறு ஸ்டார்டரிலோ இன்ஜினுக்குள்ளோ இருக்கிறது. ஓட்டை வழியாகப் பெட்ரோல் பீய்ச்சி அடித்தால் கார்பரேட்டரின் ஃப்ளோட் நீடில் (பெட்ரோல் நிரம்பியதும் வரத்தை அடைக்கும் ஊசி) மூடவில்லை; ராத்திரி முழுக்கப் பெட்ரோல் இறங்கி சிலிண்டரை நிரப்பியிருக்கிறது. பெட்ரோல் வாடையே அடிக்காத இடத்தில் வைத்து இதைச் செய்யுங்கள், பக்கத்தில் பீடி, சிகரெட் எதுவும் வேண்டாம். டிப்ஸ்டிக்கையும் எடுத்துப் பாருங்கள். ஆயில் அளவு கூடி, பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் இன்ஜினை ஓட்டக் கூடாது. இனி நிறுத்தும்போதெல்லாம் டேங்கிலிருந்து வரும் பெட்ரோலை அடைக்கும் திருகை (காக்) மூடுங்கள். காக் இல்லாத வண்டி என்றால் ஒன்று வாங்கிப் போடுங்கள்.

பிளக் இல்லாதபோது இன்ஜின் ‘விர்’ரென்று சுற்றுகிறதா? உங்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் பெரும்பாலும் ஸ்டார்டர் நல்ல நிலையில் இருக்கிறது, டேப்பட்தான் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே விடும் இடைவெளி) தள்ளிப் போயிருக்கிறது.

காரணம் இதுதான். இந்த அளவு பெரிய ஒற்றை சிலிண்டரை அதன் முழு கம்ப்ரஷனுக்கு எதிராகச் சுற்ற அந்தச் சின்ன ஸ்டார்டரால் முடியாது. அதனால் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டில் ஓர் ஏற்பாடு உண்டு. மெதுவாகச் சுற்றும்போது மட்டும் ஒரு சிறு மேடு வெளியே வந்து, ஒரு வால்வை மயிரிழை தூக்கிப் பிடித்துக் கொஞ்சம் காற்றை வெளியே விடும். இன்ஜின் பிடித்து வேகம் எடுத்ததும் அந்த மேடு ஒதுங்கிக்கொள்ளும். டேப்பட் இடைவெளி கூடிப்போனால் மேடு எழுந்தும் பயன் இல்லை, அதன் உயரம் முழுவதையும் இடைவெளியே விழுங்கிவிடும். வால்வு திறக்காது, பிஸ்டன் முழு கம்ப்ரஷனில் போய் முட்டி நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் பேட்டரி செத்த மாதிரியே இருக்கும்.

போன வருடம் ஒரு பள்ளிக்கூடத்து வண்டி என்னிடம் வருவதற்குள் இரண்டு பேட்டரி மாற்றி, ஸ்டார்டரை ரீவைண்டிங்கும் செய்திருந்தார்கள். வால்வுகளின் மேல்மூடியான ராக்கர் கவரைத் திறந்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை நுழைத்தேன். இன்டேக் பக்கம் 0.10 மில்லிமீட்டர் தகடு இருக்கும் இடமே தெரியாமல் தொளதொளவென்று போய் வந்தது. 0.30 வைத்த பிறகுதான் லேசாகப் பிடித்தது. ஸ்குரூவைச் சரிசெய்து, நட்டை முடுக்கி, சாவியைத் திருப்பியதும் அதே பழைய பேட்டரியில் ஒரே இழுப்பில் பிடித்தது. அந்த வண்டியை ஓட்டும் அண்ணன் அப்படியே சீட்டில் உட்கார்ந்து ‘இதுக்கா மக்கா இவ்வளவு துட்டு செலவு பண்ணினோம்’ என்றார். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

செய்யும் முறை இது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பிளக் வெளியே இருக்க வேண்டும். ராக்கர் கவரின் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, இரண்டு வால்வும் மூடிய நிலையில் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைப் பிடியுங்கள். பிளக் ஓட்டையில் ஒரு நீளமான பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலை விட்டால் பிஸ்டன் ஏறி இறங்குவது தெரியும். உச்சியிலேயே வைத்து அளந்தால் அந்தச் சிறு மேடு வால்வைத் தூக்கிக்கொண்டிருக்கும், கணக்கு தப்பும். உச்சி தாண்டி பிஸ்டன் 6 மில்லிமீட்டர் இறங்கிய இடத்தில் வைத்து அளக்க வேண்டும். இந்த வகை இன்ஜின் பலவற்றில் இன்டேக்குக்கு 0.10, எக்ஸாஸ்ட்டுக்கு 0.15 மில்லிமீட்டர் வைப்பேன். உங்கள் இன்ஜின் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. தகடு லேசான பிடிப்போடு இழுபட வேண்டும். லாக் நட்டை முடுக்கும்போது அளவு மாறும், அதனால் முடுக்கியபின் இன்னொரு தடவை அளந்துவிடுங்கள். வைத்த அளவு சில நாளிலேயே மறுபடி தள்ளிப் போனால் புஷ்ராடு வளைந்திருக்கலாம், ராக்கர் ஸ்டட் லூசாகியிருக்கலாம்.

ஃபீலர் கேஜ் நாகர்கோவில், மார்த்தாண்டம் பைக் ஸ்பேர் கடைகளில் கிடைக்கும்.

பெட்ரோலைப் பற்றியும் கொஞ்சம். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கினால் மைதானம் சேறாகி, வண்டி வாரக்கணக்கில் ஷெட்டிலேயே நிற்கும். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. இந்த இன்ஜின்களின் கையேடுகள் பெரும்பாலும் 10 வரைதான் ஒத்துக்கொள்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்பரேட்டர் அடியில் தண்ணீர் தங்கி வெள்ளைப் பொடி கட்டும், ஃப்ளோட் நீடிலும் ஒட்டும். மழைக்கு நிறுத்தும் முன் டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீரும் வரை இன்ஜினை ஓட விடுங்கள். மழை முடிந்து முழங்கால் உயரப் புல்லில் இறக்கும்போது டெக்கை (பிளேடு இருக்கும் அடிப்பெட்டியை) மேலே தூக்கி ஒரு தடவை, இறக்கி ஒரு தடவை வெட்டுங்கள். தென்னை நிற்கும் பக்கம் குரும்பை, மட்டை எல்லாம் பொறுக்கிவிட்டுப் போங்கள், பிளேடு ஸ்பிண்டில் வளைவது அதில்தான்.

சரி, ஸ்டார்டர். பிளக் இல்லாமலும் இன்ஜின் சுற்றவில்லை, ஃப்ளைவீலைக் கையால் திருப்பினால் லேசாகத் திரும்புகிறது, ‘டக்’ கேட்கும் அந்த நேரம் ஸ்டார்டர் முனையில் 10 வோல்ட்டுக்கு மேல் வந்து சேருகிறது என்றால் மட்டும் அதைக் கழற்றுங்கள். முனைக்கு வோல்ட் வரவில்லை, சொலினாய்டின் பேட்டரி பக்கத்து போல்ட்டில் முழுதாக இருக்கிறது என்றால் மாற்ற வேண்டியது சொலினாய்டுதான், அதன் விலை குறைவு. ஸ்டார்டரே என்று உறுதியானாலும் உடனே புதிது வாங்காமல் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து கார்பன் பிரஷ்ஷையும் புஷ்ஷையும் பார்க்கச் சொல்லுங்கள்.