எப்சம் உப்பு எதைத் தேய்க்கும், எதைத் தேய்க்காது? வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எப்சம் உப்பு என்கிற வெள்ளைப் பரல் உப்பைப் பற்றித்தான். ஏதோ ஒரு வீடியோ ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது போல.

கே: அடிப்பிடித்த பால் பாத்திரத்தில் எப்சம் உப்புக் கரைசலை ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். கறை அப்படியே இருக்கிறது. (வாசகி, பெரம்பூர்)

ப: இருக்கத்தான் செய்யும். இது பரலாக இருக்கிறவரை தேய்த்து எடுக்கும். தண்ணீரில் கரைந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஈரப் பாத்திரத்தில் இரண்டு ஸ்பூன் உப்பு, நாலு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு நாரால் தேயுங்கள். நறநறப்பு அடங்கியதும் இன்னொரு ஸ்பூன். நான்-ஸ்டிக்கில் வேண்டாம். தோசைக்கல்லில் ஊறவைத்தால் துருதான் மிஞ்சும்.

கே: கண்ணாடி டம்ளர் கீறிவிடுமா?

ப: கீறாது. கண்ணாடியைவிட இது ரொம்ப மென்மை. பிளாஸ்டிக்கின் பளபளப்பு போகலாம்.

கே: எங்கள் அபார்ட்மென்ட்டில் போர் தண்ணீர். குழாய், ஷவர், வாளி எல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புக் கறை. வாஷிங் மெஷினில் எப்சம் உப்பு போட்டால் தண்ணீர் மிருதுவாகும், கறையும் போகும் என்கிறார்களே? (வாசகர், வேளச்சேரி)

ப: யார் சொல்கிறார்கள் சார்? எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். தண்ணீரைக் கடினமாக்குவதே கால்சியமும் மெக்னீசியமும்தான். அதிலும் மெக்னீசியம் சல்பேட் தருவது நிரந்தரக் கடினத்தன்மை. கொதிக்க வைத்தாலும் போகாது என்று பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. ஏற்கெனவே சோப்பு நுரைக்காத போர் தண்ணீரில் காசு கொடுத்து வாங்கிய கடினத்தன்மையையும் சேர்க்கிறீர்கள். துணி சோப்பு இன்னும் திரிந்து, கருப்புப் பேன்ட்டில் சாம்பல் பூத்தாற்போல் ஒட்டும். டிஷ்வாஷர் உப்புக்குப் பதிலாகவும் இதைப் போடாதீர்கள். அங்கே போடுவது சோடியம் குளோரைடு.

குழாயில் இருக்கும் வெள்ளைப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதற்கு அமிலம் வேண்டும். எப்சம் உப்பு அமிலம் இல்லை. ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கரைத்து ஷவர் தலையைக் கழற்றி அரை மணி நேரம் போடுங்கள். அடைத்த துளைகளை ஒரு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் திறந்துவிடும். மெஷினுக்கு, துணி போடாமல் டிரம்மில் நூறு கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு சூடான சைக்கிள் ஓட்டினால் போதும். மார்பிள், மொசைக் பக்கம் மட்டும் அமிலத்தைக் கொண்டுபோகாதீர்கள், அரித்துவிடும். வீடியோக்காரர்கள் எப்சம் உப்போடு வினிகரையும் ஊற்றிக் காட்டுவார்கள். வேலை செய்வது வினிகர், பெயர் வாங்குவது உப்பு!

கே: வினிகர் ஊற்றியும் பொங்கவில்லை. கலப்பட உப்பா?

ப: பொங்குவது சமையல் சோடா. உங்கள் உப்பு சரியாகத்தான் இருக்கிறது.

கே: டைல்ஸ் இடுக்குக்கு எப்சம் உப்பு, ஆசிட், பிளீச்சிங் பவுடர் மூன்றையும் கலக்கலாமா? (வாசகர், அம்பத்தூர்)

ப: கூடவே கூடாது. ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் சின்னதாக இருக்கும் பாத்ரூமில் அது ஆளையே சாய்த்துவிடும். இதைப் போன மாதமும் எழுதினேன், அதற்கு முன்னாலும் எழுதினேன். பாட்டில் லேபிளை ஒருமுறை படித்துவிட்டு எழுதுங்கள் தம்பி. இடுக்குக்கு உப்பும் லிக்விடும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து உடனே கழுவிவிடுங்கள். ஊறவிட வேண்டாம், மெக்னீசியம் சல்பேட் நாளடைவில் சிமெண்ட்டை அரிக்கும்.

கே: சிங்க் அடைப்புக்கு?

ப: உதவாது. அங்கே அடைத்திருப்பது எண்ணெய்ப் பிசுக்கு.

கே: சர்க்கரை டப்பா பக்கத்தில் வைக்கலாமா?

ப: இதற்குப் பேதி உப்பு என்றும் ஒரு பெயர் உண்டு. காபியில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டுமா அம்மா? பெயர் எழுதி, சமையலறைக்கு வெளியே வையுங்கள்.

கே: ஏசி அறையில் வைத்த உப்பு வெள்ளை மாவாகிவிட்டது. கெட்டுவிட்டதா?

ப: இல்லை. அதன் எடையில் பாதி, பரலுக்குள் கட்டுண்ட நீர். காய்ந்த காற்றில் அது வெளியேறி உதிர்ந்திருக்கிறது. பாத்திரம் தேய்க்க அந்த மாவு அவ்வளவாக ஆகாது. வெந்நீரில் கரைத்து ஆற வைத்தால் பரல் மறுபடி கட்டும்.