டைல்ஸ் வியாபாரியும் லண்டன் கோபுரமும்

கேள்வி: தினமும் கேனரி வார்ஃபில் இறங்கி வேலைக்குப் போகிறேன். நடுவில் நிற்கும் உயரமான கட்டடத்தின் பெயர் 'ஒன் கனடா ஸ்கொயர்'. லண்டனில் கனடாவுக்கு என்ன வேலை? (லண்டன் வாசகர்)

கட்டியவர்கள் கனடாக்காரர்கள், அதனால்தான். அவர்களுக்குமே கனடா பிறந்த ஊர் இல்லை. அந்தக் கட்டட நிறுவனத்தை நடத்திய ரைக்மன் சகோதரர்களில் முக்கியமானவர் பால் ரைக்மன், 1930இல் வியன்னாவில் பிறந்தார். அப்பா சாமுவேல் ஹங்கேரியிலிருந்து வந்து முட்டை மொத்த வியாபாரம் செய்தவர். 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் அந்த யூதக் குடும்பம் பாரிஸுக்குப் போனது, 1940இல் பாரிஸும் விழுகிற நிலை வந்ததும் ஸ்பெயின் வழியாக வட ஆப்பிரிக்காவின் டான்ஜியருக்கு. அங்கே அப்பா நாணய மாற்றுத் தொழிலில் நன்றாகவே சம்பாதித்தார். அம்மா ரெனே அங்கிருந்தபடியே வதைமுகாம்களில் அடைபட்டவர்களுக்கு உணவுப் பொட்டலங்கள் அனுப்பிக்கொண்டிருந்தார் (என்னைக் கேட்டால் அந்தக் குடும்பத்தில் பெரிய ஆள் அவர்தான்). 1950களில்தான் பிள்ளைகள் கனடா வந்து சேர்ந்தார்கள். கிழிந்த சட்டையோடு கப்பலிலிருந்து இறங்கிய கதை இல்லை இது. கையில் முதல் இருந்தது, ஊர்தான் இல்லை.

கேள்வி: நம் ஊர் பில்டர்கள் மாதிரி பிளாட் கட்டி விற்றுத்தான் பணக்காரர் ஆனாரா? (வேளச்சேரி வாசகி)

இல்லை, ஆரம்பம் டைல்ஸ். டொராண்டோவில் சகோதரர்கள் தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் விற்றுக்கொண்டிருந்தார்கள். சரக்கு வைக்கக் கோடவுன் தேவைப்பட்டது, கான்ட்ராக்டர்கள் சொன்ன தொகை கட்டுப்படியாகவில்லை, சரி நாமே கட்டிவிடலாம் என்று இறங்கினார்கள். செலவு குறைந்தது மட்டுமில்லை, இதிலேயே தொழில் இருக்கிறதே என்பதும் புரிந்துவிட்டது. அவர்களுடைய 'ஒலிம்பியா அண்ட் யார்க்' கம்பெனி அப்படித்தான் வளர்ந்தது.

அடுத்தவர் கைவிட்டதை வாங்குவதுதான் பால் ரைக்மனின் பாணி. நியூயார்க்கின் பெரிய ரியல் எஸ்டேட் புள்ளி வில்லியம் செக்கண்டார்ஃப் 1965இல் திவாலானபோது டொராண்டோவில் அவரிடமிருந்த ஃப்ளெமிங்டன் பார்க் நிலத்தை வாங்கிப்போட்டார்கள். 1975இல் அதே ஊரில் 72 மாடி 'ஃபர்ஸ்ட் கனேடியன் பிளேஸ்' எழுந்தது. வெளிச்சுவர் முழுக்க வெள்ளைப் பளிங்கு. 2007இல் அதில் ஒரு பலகை கழன்று விழுந்து, பிறகு மொத்தத்தையும் உரித்துக் கண்ணாடி போட வேண்டியதாயிற்று. டைல்ஸ்காரர் கட்டிய கட்டடத்துக்கா இப்படி! அதற்குள் அது அவர்கள் கையை விட்டுப் போயிருந்தது என்பது வேறு கதை.

1977இல் நியூயார்க் மாநகராட்சியே சம்பளம் போடத் திணறி மீண்டுகொண்டிருந்த நேரம். மன்ஹாட்டன் பக்கம் தலைவைக்கவே ஆட்கள் பயந்தபோது அங்கே எட்டு அலுவலகக் கட்டடங்களை சுமார் 32 கோடி டாலருக்கு வாங்கினார், அதிலும் பெரும்பகுதி கடன். பத்தே வருடத்தில் மதிப்பு பல மடங்கு ஏறியது. இன்னொன்றையும் கவனியுங்கள். நம் ஊர் பில்டர் அஸ்திவாரம் போடும்போதே அட்வான்ஸ் வாங்கிவிடுவார். இவர் விற்பதில்லை, கட்டி வாடகைக்கு விடுவார், ஏறிய மதிப்பைக் காட்டி அடுத்த கடனை வாங்குவார்.

கேள்வி: சனிக்கிழமை வேலையே நடக்காதாமே? (காரைக்குடி வாசகர்)

உண்மை. சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள். வெள்ளி சூரியன் மறைந்தால் சனி இரவு வரை சைட்டில் வேலை கிடையாது, யூதப் பண்டிகை நாட்களிலும் கிடையாது. வட்டி மட்டும் சனிக்கிழமையும் ஓடியிருக்கும்.

கேள்வி: இவ்வளவு கெட்டிக்காரர் எப்படிக் கவிழ்ந்தார்? (மதுரை வாசகர்)

'மேதை, ஆனால் காலம் சரியில்லை' என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கேனரி வார்ஃப் என்பது 1980இல் மூடிக்கிடந்த பழைய துறைமுகம். தாட்சர் அரசு வரிச்சலுகை கொடுத்துக் கூப்பிட்டும் முதலில் எடுத்தவர்களால் முடியவில்லை, 1987இல் இவர் எடுத்தார். அங்கே எழுப்பிய ஒன் கனடா ஸ்கொயர் 50 மாடி, 235 மீட்டர், அன்று பிரிட்டனிலேயே உயரமானது. வழக்கம்போல அடுத்தவர் கைவிட்ட இடம்தான், ஆனால் மன்ஹாட்டனில் கட்டடமும் குடியிருப்பவர்களும் ரயிலும் ஏற்கனவே இருந்தார்கள், இங்கே எல்லாவற்றையும் புதிதாக வரவழைக்க வேண்டும். 'சிட்டி' என்கிற லண்டனின் பழைய வங்கிப் பகுதியை விட்டு வர வங்கிகளுக்கு மனமில்லை. ஒரு குட்டி ரயில்தான் ஓடியது. ஜூபிலி லைன் என்ற பாதாள ரயில் வரும் வரும் என்றார்கள், அதற்காக இவரே 40 கோடி பவுண்டு தருவதாகவும் பேச்சு, அது வந்து சேர்ந்தது 1999இல்! 1991இல் கோபுரம் திறந்தபோது பிரிட்டனில் மந்தம், நியூயார்க்கிலும் வாடகை சரிந்துகொண்டிருந்தது.

அதுவாவது தாங்கியிருக்கும். இருபது வருடம் வாடகை கொடுத்தால் மெல்ல மீளும் கட்டடத்துக்கு, சில மாதங்களில் திருப்ப வேண்டிய கடன் பத்திரங்களை நம்பியிருந்ததுதான் கழுத்தை நெரித்தது. ஒன்று முடிய இன்னொன்று எழுதி ஓட்டுவது நம் கடைத்தெரு கைமாற்று மாதிரிதான். 1992 தொடக்கத்தில் கம்பெனியின் தர மதிப்பீடு (கடனைத் திருப்பும் திறனுக்கான மார்க்) இறங்கியதும் புதுப் பத்திரம் வாங்க ஆளில்லை. குடும்பக் கம்பெனி என்பதால் கணக்கு வெளியே வந்ததே இல்லை, இவர்களுக்கு ஒரு வங்கி எவ்வளவு கொடுத்திருக்கிறது என்பது இன்னொரு வங்கிக்குத் தெரியாது, ரைக்மன் என்ற பெயருக்காகவே கொடுத்தார்கள். மே மாதம் கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுத்தபோதுதான் கடன் சுமார் 2,000 கோடி டாலர் என்று ஊருக்கே தெரிந்தது. அகலக்கால் வைத்தவர் அவர், அளவு பார்க்காமல் செருப்புத் தைத்துக்கொடுத்தவர்கள் வங்கிக்காரர்கள்.

கேள்வி: அப்புறம் அவர் திரும்ப வந்தாராமே? (கோவை வாசகி)

வந்தார். 1995இல் சவுதி இளவரசர் அல்வலீத் போன்றவர்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, கடன் கொடுத்த வங்கிகளின் கையிலிருந்த அதே கேனரி வார்ஃபை 80 கோடி பவுண்டுக்கு வாங்கினார். இந்த முறை சொந்தப் பங்கு சிறியதுதான். இடம் நிரம்பியது, பெரிய வங்கிகள் குடிவந்தன, 1999இல் பங்குச்சந்தைக்கும் போனது. 2004இல் வேறு முதலீட்டாளர் கூட்டணி விலைபேசி எடுத்துக்கொண்டது, இவரும் போட்டிபோட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. 2013இல் டொராண்டோவில் இறந்தார், வயது 83.